கண்ணுக்குத் தெரியாத கடைக்கால்

ஒரு கட்டடத்தின் அடிக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாம் உடனே வாயிற்பக்கத்தைக் காட்டுவோம். அங்கே சலவைக்கல் ஒன்று பதித்திருக்கும். நாட்டியவர் பெயர், தலைமை வகித்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், நாள், ஆண்டு எல்லாம் அதில் பொறித்திருக்கும். ஆனால் அக்கல் எந்தச் சுவரையும் தாங்குவதில்லை. அதைப் பெயர்த்து எடுத்துவிட்டாலும் கட்டடத்துக்கு ஒரு குறையும் நேராது. தாங்குகின்ற கல்லோ மண்ணுக்குள் இருக்கிறது. அதில் எவர் பெயரும் இல்லை.

அந்த உண்மையான அடிக்கட்டைத் தமிழ்நாட்டுக் கொத்தர்கள் கடைக்கால் என்பர். அதற்காகப் பள்ளம் பறிப்பதை 'வானம் தோண்டுதல்' என்று சொல்லும் வழக்கும் உண்டு. கீழே தோண்டும் குழிக்கு ஆகாயத்தின் பெயர் போல் ஒலிக்கும் ஒரு சொல் எவ்வாறு வந்தது என்பதை மொழி நூலார் ஆராயட்டும். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. வடக்கே வாழும் நம்மவர் 'நீவ்' என்ற இந்திச் சொல்லைக் கேட்டுப் பழகியிருப்பர். அஸ்திவாரம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். சொல் எதுவாயினும், கட்டி முடித்தவுடன் மூடப்படுவதும், மூடியபின் மறக்கப்படுவதுமே அதன் இயல்பு.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நாம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஊருக்குப் போய் வருகிறோம். அந்த இரயில் பயணத்தைத் தாங்கி நிற்கும் கடைக்கால்கள் சிலவற்றைப் பற்றி இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வரும் வண்டி இராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்கும் வேளையில் பெட்டிக்குள் ஓர் அசைவு தோன்றும். உறங்கியவர் எழுவர், சாளரத்தின் வழியே நாணயத்தை எறிந்து கும்பிடுவோரும் உண்டு. அந்நேரத்தில் நம்மைத் தாங்குவது எது? தண்டவாளம், அதன் கீழ்ப் பாலத்தின் உத்தரம், அதன் கீழ்த் தூண். தூணுக்குக் கீழே என்ன என்று கேட்டால், மணல் என்றுதான் பலரும் விடை கூறுவர். அவ்விடை உண்மையாயின் நாம் அவ்வளவு நிம்மதியாகக் கும்பிட இயலாது.

ஏனெனில், ஆற்று மணல் தரை அன்று. வெள்ளம் பெருகும்போது நீர் மட்டும் ஓடுவதில்லை. படுகையும் உடன் ஓடுகிறது. கோடையில் நாம் நடந்து கடந்த மணல், வெள்ளத்தில் எழுந்து போய்விடுகிறது. வெள்ளம் வடிகையில் மேலேயிருந்து வரும் வேறு மணல் அக்குழியை நிரப்பிவிடுகிறது. கரையில் நிற்பவருக்கு ஒன்றும் நடந்ததாகத் தோன்றாது. தூணைச் சுற்றி நீர் சுழல்வதால் அங்கே அரிப்பு இன்னும் ஆழமாகிறது. ஆகவே பாலம் கட்டும் பொறியாளர் முதலில் கேட்பது, இந்த ஆறு தன் பெருவெள்ளத்தில் எவ்வளவு ஆழம் வரை அரிக்கும் என்பதே. அந்த ஆழத்துக்கும் கீழே அவர் காலூன்ற வேண்டும்.

இதற்கு நம் நாட்டில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை, கிணறு இறக்குதல் ஆகும். தண்ணீருக்காகக் கிணறு தோண்டுவோர் மணற்பாங்கான நிலத்தில் பக்கம் சரியாமல் இருக்க உறைகளை அடுக்கி இறக்குவதை நாம் அறிவோம். தமிழகத்துப் பழைய உறைகிணறுகள் கீழடியிலும் அரிக்கமேட்டிலும் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. பாலத்துக்கும் அதே வித்தைதான். ஆற்றுப்படுகையின் மேல் கனத்த சுவருடைய கிணறு ஒன்றைக் கட்டுகிறார்கள். அதன் அடி விளிம்பில் கூரான இரும்புப் பட்டை இருக்கும். கிணற்றின் உள்ளே இருக்கும் மண்ணை அள்ளி வெளியே போட்டால், கிணறு தன் பாரத்தாலேயே மெல்லக் கீழே இறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே மீண்டும் சுவர் எழுப்புவர். மீண்டும் மண் அள்ளுவர். மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே கீழ்நோக்கிப் போகும் வேலை இது.

சொல்வது எளிது. கிணறு ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் எதிர்ப்பக்கத்தில் கூடுதலாக மண் அள்ளியோ, அப்பக்கம் பாரம் ஏற்றியோ நிமிர்த்த வேண்டும். வழியில் பாறைத் துண்டோ புதைந்த மரமோ குறுக்கிட்டால் வேலை நாட்கணக்கில் நின்றுவிடும். உரிய ஆழத்தை அடைந்ததும் அடியில் கான்கிரீட்டால் அடைத்து, உள்ளே மணல் நிரப்பி, தலையிலும் மூடி போடுவர். அம்மூடியின் மேல்தான் நாம் காணும் தூண் எழுகிறது. ஆகப் பாலத்தின் பெரும் பகுதி வேலை முடிந்தபோது ஆற்றில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. காண வருவோர், இத்தனை மாதங்களாக என்ன செய்தார்கள் என்றுகூடக் கேட்பர்.

இம்முறையை வெளிநாட்டார் நமக்குக் கற்பித்தார்கள் என்று எண்ணுவோர் உளர். செய்தி நேர் எதிரானது. 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய், ரூர்க்கிக்கு அருகே சோலானி ஆற்றின் மேல் பெரியதொரு நீர்ப்பாலத்தில் செல்கிறது. அதைக் கட்டிய காட்லி என்னும் ஆங்கிலப் பொறியாளர், 20 அடிக் கனசதுரக் கட்டுகளில் நான்கு நான்கு கிணறுகள் விட்டு, இந்நாட்டுக் கிணறு வெட்டுவோர் கையாளும் முறையிலேயே அவற்றைப் படுகைக்குள் இறக்கினார். தெற்கே ஆர்தர் காட்டன் பெற்ற பாடம் இதனினும் பழையது. காவிரியில் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை, ஆற்று மணலில் பெருங்கற்களை இட்டு, அவை புதையப் புதைய மேலும் கற்களை இட்டு நிலைநிறுத்தப்பட்டது. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் அமைக்கும் வகையை இதைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டதாகக் காட்டன் எழுதினார். அப்பாடத்தைக் கொண்டு அவர் 1836-இல் தொடங்கிக் கொள்ளிடத்தில் மேலணையையும், பின்னர் 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரம் அணையையும் கட்டினார். நாணயம் எறிந்து நாம் கும்பிடும் அப்பாலத்துக்குச் சிறிது தொலைவிலேயே அவ்வணை இருக்கிறது. காவிரி மணலில் கற்ற கல்வி கோதாவரிக்குப் போயிற்று. நம்மவர் குடிபெயர்வது போலவே அறிவும் குடிபெயர்கிறது.

கல்கத்தாவில் வாழும் தமிழர்கள் நாள்தோறும் காணும் ஹௌரா பாலத்துக்கு வருவோம். 1943 பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு, 1965-இல் இரவீந்திர சேது எனப் பெயர் மாற்றம் பெற்ற அப்பாலத்துக்கு ஆற்றின் நடுவில் தூணே இல்லை. இரு கரைகளுக்கு அருகில் இருக்கும் இரண்டு கோபுரங்களே 1,500 அடி நீளமுள்ள நடுப்பகுதியைத் தாங்குகின்றன. 26,500 டன் எஃகு என்று கணக்குச் சொல்லி நாம் வியக்கிறோம். அவ்வெஃகைத் தாங்குபவை 'கெய்சன்' எனப்படும் இரண்டு மாபெரும் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 55 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உடையது. ஒவ்வொன்றிலும் 21 கிணறுகள். நாளுக்கு ஓர் அடி அல்லது சிறிது கூடுதலாக, இரவும் பகலும் ஓயாமல், அவற்றைக் கீழே இறக்கினார்கள். ஹௌராப் பக்கத்துப் பெட்டி சுமார் 26 மீட்டர் ஆழத்திலும், கல்கத்தாப் பக்கத்துப் பெட்டி 31 மீட்டருக்கும் கீழேயும் கெட்டியான களிமண்ணில் போய் நின்றன.

கல்கத்தாப் பக்கத்தில் நீர் கலந்த மணல் உள்ளே பாய்ந்தபடியால், அழுத்தம் மிகுந்த காற்றைச் செலுத்தி நீரைத் தடுத்துக்கொண்டு, அக்காற்றுக்குள்ளேயே வேலை செய்யவேண்டி வந்தது. இதற்கென ஏறத்தாழ 500 தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். அவர்கள் அள்ளிய சேற்றில் நங்கூரங்கள், பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நாணயங்கள் எல்லாம் வந்தன. ஒரு நாள் இரவு, அடிமண் திடீரென்று விட்டுக்கொடுத்துப் பெட்டி முழுவதும் இரண்டடி ஒரே வீச்சில் இறங்கிற்று. கிதர்ப்பூரிலிருந்த நில அதிர்ச்சிக் கருவி அதை ஒரு பூகம்பமாகவே பதிவு செய்தது. கரையோரத்துக் கோயில் ஒன்று இடிந்து, பிறகு மீண்டும் கட்டித்தரப்பட்டது. பாலத்தைப் படம் எடுத்துச் செல்வோர் எவருடைய படத்திலும் இவற்றில் ஒன்றும் விழுவதில்லை.

மறைந்திருப்பது என்றும் நிலைத்திருக்கும் என்று கருதிவிடலாகாது. திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலம், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து முறிந்தது. பக்கத்தில் புதுப்பாலம் வந்து, பழையதில் போக்குவரத்து முன்னரே நிறுத்தப்பட்டிருந்ததால் உயிர்கள் தப்பின. அதே மாதத்தில், காட்டன் கட்டிய மேலணையின் மதகுகளில் ஒன்பது முக்கொம்பில் இடிந்து போயின. வடக்கே பஞ்சாபும் இமாசலப் பிரதேசமும் சந்திக்கும் இடத்தில், சக்கி ஆற்றின் மேலிருந்த குறுகிய பாதை இரயில் பாலம் 2022 ஆகஸ்டில் வெள்ளத்தில் விழுந்தது. ஆற்றுப்படுகையை முறையின்றித் தோண்டியதே காரணம் என்று அப்போது பலரும் குற்றம் சாட்டினர். பாலத்தின் அருகே அள்ளப்படும் ஒவ்வொரு லாரி மணலும் கிணற்றைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. பொறியாளர் நூறாண்டு வெள்ளத்தைக் கணக்கிட்டார், லாரியைக் கணக்கிடவில்லை.

பாலத்தைத் தாண்டி வண்டி நிலையத்தில் நிற்கிறது. மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயர் மூன்று மொழிகளில் இருக்கிறது. அதன் கீழே கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று சிற்றெழுத்தில் ஓர் எண்ணும் பல நிலையங்களில் உண்டு. நாகபுரியில் அது முந்நூற்றை ஒட்டியிருக்கும். டில்லியில் இருநூறுக்குச் சிறிது மேல். பெங்களூரில் தொள்ளாயிரத்தை நெருங்கும். ஓட்டுநருக்கு ஏற்ற இறக்கம் தெரிவதற்காக அதை எழுதினார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏற்ற இறக்கத்தைக் காட்டத் தண்டவாளத்தின் ஓரத்தில் தனிக் கம்பங்களே இருக்கின்றன. அது நிற்க, நாகபுரியிலிருந்து கடல் எத்தனையோ நூறு மைல் தொலைவு. அங்கே நின்றுகொண்டு கடலிலிருந்து உயரத்தை அளந்தவர் யார்? எந்தக் கடலிலிருந்து?

கடல் ஓயாமல் ஏறி இறங்குவது. ஆகவே துறைமுகங்களில் அளவுகோல் நாட்டி, நீரின் ஏற்றத்தையும் வற்றத்தையும் ஆண்டுக்கணக்கில் குறித்து, சராசரி கண்டு, அதற்குச் சுழி என்று பெயர் வைத்தார்கள். கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாக் கரையில் பால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது இடங்களின் சராசரிக் கடல் மட்டமே 1909-இல் இந்நாட்டு உயரங்களுக்கெல்லாம் அடித்தளமாகக் கொள்ளப்பட்டது. அங்கிருந்து மட்டக்கருவியும் அளவுகோலும் கொண்டு அடியடியாக உள்நாட்டுக்குள் நடந்து, போகும் வழியில் கற்களிலும் கட்டடங்களிலும் குறிகள் பொறித்துச் சென்றனர் நில அளவைத் துறையினர். 'ஜி.டி.எஸ். பி.எம்.' என்ற எழுத்துகள் பொறித்த அத்தகைய கற்களைப் பழைய கட்டடங்களின் ஓரங்களில் இன்றும் சிற்சில இடங்களில் காணலாம். கால்வாய் எந்தப் பக்கம் சாயவேண்டும், சாக்கடை எங்கே போய்ச் சேரவேண்டும், அணையின் தலை எவ்வளவு உயர வேண்டும் என்பவையெல்லாம் இவ்வெண்களைக் கொண்டே முடிவாயின. நாகப்பட்டினத்துக் கரையில் ஏறி இறங்கிய அலைக்கும் நாகபுரிச் சாக்கடைக்கும் உறவு உண்டு என்றால் முதலில் நகைப்புத்தான் வரும்.

இந்தக் கடைக்காலில் கல்லைவிடக் கருத்தே மிகுதி. சுழி என்ற இடம் உலகில் எங்கும் இல்லை. அது ஓர் உடன்பாடு. ஒன்பது துறைமுகங்களின் சராசரியும் ஒரே மட்டம் என்று கொண்டது கணக்கின் வசதிக்காகவே. நீரின் வெப்பம், உப்பு, காற்று, நீரோட்டம் இவற்றால் கடல் ஓரிடத்தில் சற்று உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் நிற்கிறது என்பதைப் பின்னர் வந்த ஆராய்ச்சி தெளிவாக்கியது. 1947-க்குப் பின் அவ்வொன்பதில் ஒன்றான கராச்சி வேறு நாட்டிலும் ஆயிற்று. ஆயினும் எழுதிய எண்கள் பயன்பட்டே வந்தன, எல்லோரும் ஒரே சுழியிலிருந்து எண்ணியதால்.

குறிக்கல்லுக்கும் ஆபத்து உண்டு. சாலையை அகலப்படுத்துகையில் அது என்ன கல் என்று கேளாமலே பெயர்த்துவிடுவர். சில இடங்களில் கல் நிற்கும் நிலமே கீழே போகிறது. டில்லியில் விமான நிலையத்தை அடுத்த கபஷேராப் பகுதியில், நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததனால் தரை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேலாக அமிழ்ந்ததை, 2014 முதல் 2019 வரை செயற்கைக்கோள்கள் எடுத்த அளவுகள் காட்டின. அங்கே வீட்டுச் சுவரில் விரிசல் கண்டவர் கொத்தரைக் கடிந்துகொள்வார். கொத்தர் போட்ட கடைக்காலில் குறை இராது. அதற்கும் கீழே இருந்த நீரைக் குழாய்க் கிணறுகள் எடுத்துவிட்டன.

இனி, பயணம் முடிந்து நாம் வாழும் ஊரில் இறங்குகிறோம். மாநில எல்லைகள் பலவற்றைக் கடந்து வந்தும், வடகிழக்கில் சில பகுதிகள் நீங்கலாக, எவரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவோ காட்டவோ இல்லை. இது இயல்பானதுதானே என்று தோன்றும். இதன் கீழும் ஒரு கடைக்கால் உண்டு. இந்திய ஆட்சிப்பரப்பு முழுவதும் தடையின்றிச் சென்று வரவும், அதன் எப்பகுதியிலும் தங்கவும் குடியமரவும் குடிமக்கள் எல்லோருக்கும் உரிமை என்று, நியாயமான வரம்புகளுக்கு உட்படுத்தி, அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு கூறுகிறது. நம்மில் பலர் முப்பது ஆண்டுகள் பிற மாநிலத்தில் வாழ்ந்திருப்போம். அவ்வுறுப்பை ஒரு நாளும் படித்திருக்க மாட்டோம். படியாமலே நிற்க முடிவதுதான் நல்ல கடைக்காலின் இலக்கணம் போலும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இவ்விடத்தில் ஒரு சொல் கண்ணில் படும். இவ்வுரிமைகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அடித்தளம் என்று பொருள்படும் இலத்தீனச் சொல்லிலிருந்து பிறந்தது. இந்தியில் 'மூல அதிகார்' என்பர். மூலம் என்றால் வேர். தமிழில் அடிப்படை உரிமை என்கிறோம். படை என்பது அடுக்கு. எல்லா அடுக்குகளுக்கும் கீழே கிடக்கும் அடுக்கு அடிப்படை. மூன்று மொழிகளும் மண்ணுக்கு அடியிலேயே கைவிட்டுத் தேடியிருக்கின்றன.

அதற்கும் கீழே ஓர் அடுக்கு இருப்பதை 1973-இல்தான் நாடு அறிந்தது. காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தனர். நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழித்துவிடலாகாது என்பது அத்தீர்ப்பு. 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற அத்தொடர் அரசியலமைப்பின் எந்த உறுப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத ஒன்று எழுதப்பட்டவற்றைத் தாங்குகிறது என்று ஒரே ஒரு வாக்கு மிகுதியால் முடிவாயிற்று.

நம் பிள்ளைகளைப் பற்றிய கடைக்கால் ஒன்று மிச்சம் இருக்கிறது; அதை நம்மவர் பெரும்பாலும் அறிந்திரார். 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் 350ஏ என்னும் உறுப்பு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழி வாயிலாகக் கற்பிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும், ஒவ்வோர் உள்ளூராட்சி அமைப்பும் முயலவேண்டும் என்கிறது அது. அடுத்த உறுப்பான 350பி, மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளைக் கவனித்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவதற்கு ஒரு தனி அலுவலரை ஏற்படுத்துகிறது. மும்பையிலோ டில்லியிலோ பெங்களூரிலோ ஒரு தமிழ் வகுப்பு நடைபெறுமானால், ஆசிரியரின் உழைப்புக்கும் சங்கத்தாரின் நன்கொடைக்கும் கீழே இவ்வுறுப்புகள் கிடக்கின்றன.

ஆனால் இக்கடைக்கால் தானாக எதையும் தாங்காது. மேலே எவரேனும் கட்ட வேண்டும். எத்தனை பிள்ளைகள் இருந்தால் வகுப்பு வைக்கலாம் என்பதற்கு 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவு சொன்னது. ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பேர் அம்மொழியினராக இருந்தால் ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என்பது அம்மாநாட்டின் தீர்மானம். நம்மவர் நெருங்கி வாழும் பகுதிகளில் 10 பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிகள் இருக்கக்கூடும். இருந்தும், ஒன்பது பேர் பெயர் கொடுத்துப் பத்தாவது வீட்டார் தயங்கி நின்றால் கணக்கு நிரம்பாது. பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பள்ளியோ அதிகாரியோ தீர்மானிப்பதில்லை. பெற்றோரோ காப்பாளரோ எம்மொழியை அறிவிக்கிறார்களோ அதுவே தாய்மொழியாகக் கொள்ளப்படும் என்றும் அதே தீர்மானம் கூறியிருக்கிறது.